யார் வாங்கிய மார்க்?

பணம் கொடுத்தா மட்டும் பிள்ளைங்க பாஸாயிடுமா? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் தேர்வு முடிவு சரிகிறபோதெல்லாம் நம்மிடம் கேட்கப்படுகிற கேள்வி இது. அமெரிக்காவின் தெற்கே கறுப்பின மக்களிடமும் இதையேதான் கேட்கிறார்கள். அங்கே இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறி, பதிலும் வாங்கியது. 1946இல் அம்பேத்கர் து பாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது தீண்டப்படாதார் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைத்தான் குறிப்பிட்டார். அந்த நினைப்போடு இதைப் படிக்கலாம்.

தென் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் மாவட்டம். பருத்திக் காடு. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பருடையது. 1947இல் அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளி பஸ் ஓடியது. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. மைல் கணக்கில் நடை. பெற்றோர்கள் காசு சேர்த்து ஒரு பழைய பஸ் வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றுபோகும். பெட்ரோலுக்காவது பணம் கொடுங்கள் என்று கேட்டதற்கு, நீங்க கட்டுற வரி பத்தாது என்று பதில் வந்தது. நிலத்தை வைத்துக்கொள்ள விடாதவன், நிலவரி கட்டலையே என்று கணக்குக் கேட்கிறான். இது எந்த ஊர் நியாயம் என்று நமக்குத் தெரியும்.

லீவை பியர்சன் என்ற விவசாயி வழக்குப் போட்டார். அவர் நிலம் எந்தப் பள்ளி வட்டாரத்தில் வருகிறது என்று எல்லைக்கோட்டைக் காட்டி 1948இல் அதை முடித்துவிட்டார்கள். பாதிரியார் ஜோசப் டிலெய்ன் மறுபடி ஆள் திரட்டினார். ஹாரி பிரிக்ஸ் பெயரில் அடுத்த வழக்கு. பெட்ரோல் பங்கில் பிரிக்ஸ் பார்த்துவந்த வேலை போனது, அவர் மனைவி எலைசாவின் வேலையும் போனது. 1951இல் டிலெய்ன் வீடு எரிந்தது. 1949-50இல் அந்த வட்டாரத்தில் வெள்ளைக் குழந்தைக்குச் செலவழித்தது 179 டாலர், கறுப்புக் குழந்தைக்கு 43 டாலர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

தீர்ப்பு வந்தது, அப்புறம்? 1960களில் வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசுப் பள்ளி ஏறக்குறைய முழுக்கக் கறுப்பருடையதானது. சேர்ந்து படிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, சேர்ந்து படிக்கத்தான் ஆளில்லை. அங்கே பள்ளிச் செலவின் ஒரு பகுதி அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வரவேண்டும். தொழிற்சாலை இல்லாத, நல்ல வீடு இல்லாத ஊரில் எதன்மேல் வரி போடுவது? கல்வி என்பது மத்திய அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் வழக்கொன்றில் 5க்கு 4 என்று சொல்லிவிட்டது. மிச்சமிருந்தது மாநிலச் சட்டம்தான்.

1993இல் தென் கரோலினாவின் ஏழைக் கிராமப்புறப் பள்ளி வட்டாரங்கள் சேர்ந்து மாநில அரசின்மேல் வழக்குத் தொடுத்தன. 1999இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் 'குறைந்தபட்சம் போதுமான' கல்விக்கு வாய்ப்புத் தந்தால் அரசின் கடமை முடிந்தது.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சேரிக்குக் கூலி அளக்கிறவன் வயிறு நிறைஞ்சுதா என்று பார்ப்பதில்லை. நாளைக்கு வேலைக்கு வருவானா, அதற்கு எவ்வளவு போதும் என்றுதான் பார்ப்பான். குறைந்தபட்சம் என்பது வாங்குகிறவனின் பசியை வைத்துப் போட்ட அளவு அல்ல, கொடுக்கிறவனின் தேவையை வைத்துப் போட்ட அளவு. எந்தப் பணக்காரத் தகப்பனாவது என் பிள்ளைக்குக் குறைந்தபட்சக் கல்வி போதும் என்று சொல்லியிருக்கிறானா? சமத்துவத்தை மறுக்க 'கிடையாது' என்று சொல்ல வேண்டியதில்லை. 'உனக்கு இது போதும்' என்றாலே போதும்.

விசாரணை 2003இல் மானிங் ஊரில் தொடங்கியது. அதே கிளாரண்டன் மாவட்டத்தின் தலைநகர். டிலன் ஊர்ப் பள்ளியில் ஒரு பகுதி 1896இல் கட்டியது. ரயில் போகும்போதெல்லாம் வாத்தியார் பாடத்தை நிறுத்த வேண்டும். 2005இல் நீதிபதி சொன்னார்: கட்டிடங்கள் குறைந்தபட்சம் போதும், சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பக் கல்விதான் போதவில்லை.

பணத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமில்லை என்று 1966ஆம் ஆண்டுக் கோல்மன் அறிக்கையைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. 2016இல் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ என்ற மூன்று ஆய்வாளர்கள் வேறு கணக்குக் காட்டினார்கள். பன்னிரண்டு வருஷமும் 10 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தால், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களான பின் வாங்கும் சம்பளம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. நல்லது, இருக்கட்டும். ஆனால் இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் பேச வேண்டுமா? பணக்காரப் பள்ளியில் நூலகம் கட்டும்போது, இதனால் எத்தனை மார்க் கூடும் என்று யார் கேட்டார்கள்? கழிப்பறைக்குக் கதவு போட்டால் தேர்ச்சி விகிதம் ஏறுமா? ஏறாவிட்டாலும் கதவு வேண்டும், அங்கே போகிறது மனுசப் பிள்ளை. பலன் காட்டினால்தான் தருவேன் என்பது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்திருக்கிற தனித் தேர்வு.

நிர்வாகம் ஒழுங்கா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நம்ம ஆளு நாற்காலியில் உட்கார்ந்ததாலேயே கணக்கு நேராகிவிடாது. வட்டாரக் குழுக்களுக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் அதைச் சொன்ன தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. 2014 நவம்பரில், 3க்கு 2 என்ற கணக்கில், தென் கரோலினா உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் குற்றவாளி ஆக்கியது. காகிதத்தில் எல்லாம் கொடுத்திருக்கிறோம் என்கிறீர்கள், பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் பாதியில் நின்றுபோனவர்களையும் பார்த்தால் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்று தெரிகிறது என்பது அதன் சாரம். அதுவரை பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாக இருந்த மார்க், அன்றைக்கு அரசுக்கு எதிரான சாட்சியாக மாறியது. நாற்பது மார்க் வாங்கியது பிள்ளை அல்ல, அரசாங்கம்.

இந்தப் புரட்டல்தான் நமக்குத் தேவை. 'தகுதி' என்று பேசுகிறவனிடம் நாம் இதுவரை, எங்களுக்கும் தகுதி உண்டு என்று நிரூபிக்கவே ஓடிக்கொண்டிருக்கிறோம். மாவட்டத்தில் முதலாவதாக வந்த நம் பிள்ளையின் படத்தைத் தூக்கிக் காட்டுகிறோம். காட்டலாம், சந்தோசம்தான். ஆனால் அந்தப் படத்தைக் காட்டும்போதே, தோற்றுப்போன நாற்பது பிள்ளைகளின் தோல்வி அவர்கள் சொந்தத் தோல்வி என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நாற்பது பேரின் மார்க் ஷீட்டை யார் கையில் கொடுப்பது?

தென் கரோலினாவில் அது அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்து, மூன்று வருஷம்தான் இருந்தது. நீதிமன்றத்தில் நீதிபதிகள் மாறினார்கள். 2017இல் நீதிமன்றம் தன் கண்காணிப்பை விலக்கிக்கொண்டு வழக்கை முடித்தது. 1993இல் ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு அப்போது முப்பது வயது.