கைவிடப்பட்ட கருவியை வாங்கலாமா?

பொருள் ஒன்றை வாங்குமுன் நாம் வழக்கமாக இரண்டு வினாக்களை எழுப்புகிறோம். அது தரமானதா? விலை நியாயமானதா? தயாரிப்பு நின்றுபோன பொருளை வாங்கும்போதோ மூன்றாவது வினா ஒன்று எழுகிறது. செய்தவரே கைவிட்ட ஒன்றுக்கு இனிமேல் யார் பொறுப்பு?

பீர்க்கன்கரணையில் வாழும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பெருங்களத்தூரில் மின்தொடர் வண்டி ஏறி நகருக்கு வேலைக்குச் சென்று வருபவர், அளவான ஊதியம், புகைப்படக் கலையில் தீராத நாட்டம். பழைய பொருள் விற்பவரிடம் ஆக்ஃபா கிளிக் 3 என்னும் கேமராவைக் காண்கிறார். ஒரு காலத்தில் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தயாரித்து, நம் நாட்டு எளிய குடும்பங்களின் கைகளுக்கு வந்த கருவி அது. புதுநன்மை விழாவும் திருமணமும் இத்தகைய பெட்டிகளால்தான் நம் குடும்ப ஆல்பங்களில் இடம்பெற்றன. வாங்கலாம் என்று மனம் சொல்கிறது. "இதற்குப் பிலிம் கிடைக்குமாங்க?" என்று மனைவி கேட்கிறார். அக்கேள்வி ஏளனமன்று. சிந்தனை தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

ஒரு கருவி தனித்து வாழ்வதில்லை. சுருள், அதைக் கழுவும் இரசாயனம், பழுது நீக்கும் கை என்னும் சங்கிலியால்தான் அது வாழ்கிறது. கிளிக் 3 ஏற்கும் 120 அளவுச் சுருளைக் கோடாக் நிறுவனம் 1901இல் அறிமுகப்படுத்தியது. அந்த அளவில் இன்றும் சுருள்கள் தயாராகின்றன. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். கருவியின் உற்பத்தி நின்றபின்னும் அதன் சங்கிலி அறுபடவில்லை. இதற்கு மாறானது கோடாக்ரோம் வண்ணச் சுருளின் கதை. 2009இல் அதன் தயாரிப்பு நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதைக் கழுவித் தந்த கடைசிக் கூடமும், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், 2010 டிசம்பர் 30உடன் சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஒருவர் பெட்டியில் பழுதற்ற சுருள் இருந்தும், அதிலிருந்து வண்ணப்படம் பெற வழியில்லை.

நம் மாநிலமும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாக இருந்தது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்னும் பெயரில் சுருள்களையும் எக்ஸ்-ரே படலங்களையும் வழங்கியது. 1990களில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டது. டிஜிட்டல் கருவிக்கு மாறிய எவரும் உதகைத் தொழிலாளருக்குத் தீங்கு நினைத்தவரல்லர். ஆயினும் இருட்டறையில் நின்று பழகிய கைகளின் திறமை தேவையற்றதாயிற்று. இதற்காக இரங்குவது முறையே. ஆனால் இரக்கத்தால் பழைய கேமரா வாங்குவோர், தாம் செலுத்தும் பணம் அந்தத் தொழிலாளரைச் சென்றடைவதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

கைவிடுதல் யாவும் துரோகமன்று என்பதும் நினைவில் இருக்கட்டும். 1960களிலும் 70களிலும் வந்த பல கேமராக்களின் ஒளிமானிகள் பாதரச மின்கலத்தால் இயங்கின. பாதரசம் நஞ்சு. அந்நஞ்சால் துன்புற்ற ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய உலக உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று. அந்த மின்கலங்கள் மறைந்ததை எண்ணி வருந்துவதற்கில்லை. பழமை என்ற ஒரே காரணத்தால் ஒன்று போற்றத்தக்கது ஆகிவிடாது.

அப்படியாயின் எதைக்கொண்டு முடிவு செய்வது? செருப்புக்கு இரண்டு பயன்கள் உண்டு என்றார் அரிஸ்டாட்டில். காலில் அணிவது ஒன்று; விற்று வேறொன்றைப் பெறுவது மற்றொன்று. முன்னதே செருப்புக்கு உரிய பயன். கேமராவுக்கும் இது பொருந்தும். படம் எடுப்பதற்காக வாங்குபவர் உண்டு. அலமாரியை அழகுபடுத்த வாங்குபவர் உண்டு. விலை ஏறட்டும் என்று பதுக்குபவரும் உண்டு. முதலாமவரால் மட்டுமே சங்கிலி நீள்கிறது. சுருள் விற்பவருக்கும் கழுவித் தருபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் அவரால் வேலை கிடைக்கிறது. பதுக்குபவரோ பயன்படுத்த விரும்பும் ஏழை மாணவனுக்கு அதை எட்டாத பொருளாக்குகிறார். பழமைப் பற்று என்னும் போர்வைக்குள் பேராசை ஒளிந்துகொள்வது எளிது.

விற்பவருக்கும் கடமை உண்டு. நம் கடலோர ஈரப்பதத்தில் லென்சுகளில் பூஞ்சை படர்வது இயல்பு. அதை அறிந்தும் மறைத்து விற்பது, "பழைய பொருள்தானே" என்ற சொல்லால் நியாயமாகிவிடாது. செய்த நிறுவனம் பொறுப்பேற்காத இடத்தில், விற்பவரின் வாய்ச்சொல் ஒன்றே வாங்குபவருக்கு உத்தரவாதம்.

ஆகவே நம் பீர்க்கன்கரணை நண்பர் தம்மையே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். சுருள் தொடர்ந்து கிடைக்குமா? பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எட்டும் தொலைவில் உள்ளாரா? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்காமல், மாதம் ஒரு சுருளாவது வாங்க இயலுமா? ஏரிக்கரையின் மாலை ஒளியை உண்மையிலேயே படமெடுக்கப் போகிறாரா, அல்லது வைத்திருப்பதே இன்பமா? இவற்றுக்கு நேர்மையான விடை சாதகமாக அமையுமானால், தயங்காமல் வாங்கலாம். இல்லையேல் பயன்படுத்தக்கூடிய வேறொருவருக்கு அதை விட்டுவிடுவதே நன்று.

வாங்கியபின்னும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. தம்மால் இனிப் பயன்படுத்த இயலாத நாள் வரும்போது, பழகும் ஆர்வமுள்ள இளையவர் ஒருவரிடம் அதை ஒப்படைத்து, சுருள் மாட்டும் விதத்தையும் கற்றுத்தர வேண்டும். செய்தவர் இறக்கிவைத்த பொறுப்பை ஏற்றுக்கொள்பவர், அதைக் கைமாற்றித் தரவும் கடமைப்பட்டவரே.