அளவை மறந்தவன் கத்ரைச் சொல்லலாமா?

படைப்பினங்கள் யாவற்றையும் ஓர் அளவோடு படைத்து, அவ்வளவு பிசகாமல் பரிபாலித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். அளவறிந்து நடக்க நமக்குக் கற்றுத் தந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



இம்மாதம் நாம் எடுத்துக் கொண்டுள்ள பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ அல்ல. தாழ்வான பாலங்களில் லாரிகள் முட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கும் தீனுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டாம். நம் மஹல்லாக்களில் ஸ்டீயரிங் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவோர் எத்தனையோ பேர். அவர்கள் வீடு திரும்பும் வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மாரும் மனைவி மக்களும் இப்பக்கத்தைப் படிக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கலையும் வரை ஒரு சகோதரர் தூணோரம் காத்திருந்தார். லாரி ஓட்டுபவர். அருகில் வந்து ஸலாம் கூறி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

முந்திய இரவு நடந்ததைச் சொன்னார். மூடிய பாடி கட்டிய லாரி. போகும்போது முழுப் பாரத்துடன் ஒரு ரயில் பாலத்தின் அடியில் நுழைந்து சென்றிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. சரக்கை இறக்கிவிட்டு, நள்ளிரவில் காலி வண்டியோடு அதே வழியில் திரும்பியிருக்கிறார். போன வழிதானே என்ற தைரியம். பாலத்தின் கீழே வந்ததும் பெரும் சத்தம். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் எடுத்துப் பார்த்தால் மேற்கூரையின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. பாலத்தின் இரும்பு உத்தரத்திலும் அடிபட்ட தடம். சுற்றிலும் யாருமில்லை. வேறு வழியாக வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்.

"கொஞ்ச தூரம் வந்து டீக்கடையில் நிறுத்தினேன், ஹஜ்ரத். அப்போ அந்தப் பாலத்து மேல ஒரு ரயில் போற சத்தம் கேட்டுச்சு. அது போய் முடியற வரைக்கும் எனக்கு உசிரே இல்லை. ஆனா ஒண்ணும் ஆகலை. எல்லாம் களா கத்ர்தானே? என் மேல குத்தம் உண்டா?"

அவருடைய முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. "அல்ஹம்து லில்லாஹ்! அல்லாஹ் காப்பாற்றினான் தம்பி. இஸ்திஃபார் செய்து கொள்ளுங்கள், முடிந்ததை ஸதகா கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பி வைத்தோம். அவரும் முகம் தெளிந்து போனார். நாமும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுத்தோம்.

அன்றிரவு தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது, தூரத்தில் ரயில் ஒன்று ஊதிச் செல்லும் ஒலி கேட்டது. அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது: நாம் சொன்னது பாதி மஸ்அலா! அந்த உத்தரம் இன்னும் அடிபட்டபடியே இருக்கிறது. அதன் மீது இன்னும் ரயில்கள் ஓடிக் கொண்டிருக்கின்றன. அது இவருக்கும் நமக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும்!

அன்பர்களே! ரயில் பாலத்தில் லாரி முட்டுவது லாரிக்காரரின் நஷ்டத்தோடு முடிகிற காரியமல்ல. உத்தரம் சற்று நகர்ந்தால் அதன்மேல் கிடக்கும் தண்டவாளமும் நகரக் கூடும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பிரிட்டனில் ரயில் பாலங்களின் மீது ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வாகனங்கள் முட்டுகின்றன. ஆகவே அந்நாட்டில் இத்தகைய பாலங்களில் ஒரு பலகையை மாட்டி, பாலத்தின் அடையாள எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்கள். முட்டியவரோ கண்டவரோ உடனே தெரிவிக்க வேண்டும். ரயிலை நிறுத்தியோ மெதுவாக்கியோ பாலத்தைச் சோதிப்பார்கள். அதே பிரிட்டனில், கிளாஸ்கோ நகரில் 1994-ஆம் ஆண்டு, சிறுமியர் பயணம் செய்த ஒரு மாடி பஸ் தாழ்வான ரயில் பாலத்தில் மோதி ஐந்து உயிர்கள் பலியாயின. மேலே செல்வோருக்கும் ஆபத்து, உள்ளே இருப்போருக்கும் ஆபத்து!

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் ஒரு பழைய ரயில் பாலம் உண்டு. 1940-இல் கட்டப்பட்டது. அதனடியில் 11 அடி 8 அங்குலந்தான் இடைவெளி. எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள். பாலத்தைக் காக்க முன்னால் கனத்த இரும்பு உத்தரம் ஒன்றை நிறுத்தினார்கள். 2016-இல், உயரமான வண்டி வந்தால் தானே சிவப்பு விளக்கு எரிந்து, 'உயரம் மிகுதி, திரும்பிச் செல்' என்று அறிவிக்கும் கருவியையும் பொருத்தினார்கள். ஆயினும் லாரிகள் முட்டிக் கொண்டே இருந்தன. அருகில் ஒருவர் 2008 முதல் கேமரா வைத்துப் பதிவு செய்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்கள் பதிவாகியுள்ளன. கடைசியில் 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அதற்குப் பின்னும் முட்டுகிறவர்கள் முட்டத்தான் செய்கிறார்கள்!

பலகை இருந்தது, விளக்கு எரிந்தது, பாலத்தின் உயரம் எழுதியிருந்தது. இல்லாதது எது? ஓட்டுபவருக்குத் தம் வண்டியின் உயரம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் 'போய்விடலாம்' என்ற துணிச்சல். பெருமையோடு பூமியில் நடக்காதே, உன்னால் பூமியைப் பிளக்கவும் முடியாது, உயரத்தில் மலைகளை எட்டவும் முடியாது என்ற கருத்தைத் திருமறை (17:37) நமக்கு உணர்த்துகிறது. தன் உயரத்தை அறியாதவன் தலை குனிய வேண்டிய இடத்தில் குனிய மாட்டான். மனிதனுக்கும் இதுவே, வண்டிக்கும் இதுவே.

இப்போது அச்சகோதரர் சொன்ன 'கத்ர்' என்ற சொல்லுக்கு வருவோம். அரபு மொழியில் இச்சொல்லின் மூலப் பொருளே 'அளவு' என்பதுதான். ஒவ்வொரு பொருளையும் அல்லாஹ் ஓர் அளவின்படியே படைத்தான் என்பது நம் ஈமான். பாலத்துக்கு ஓர் அளவு, வண்டிக்கு ஓர் அளவு. பாரம் இறங்கியதும் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, காலி லாரி பாரலாரியைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் என்பதும் அவன் வைத்த நியதியே. அந்த அளவைப் பார்க்க மறந்துவிட்டு, முட்டிய பின் 'கத்ர்' என்று கூறுவது எவ்வளவு பெரிய முரண்! கத்ரை நம்புகிறவன் அல்லவா அளவை முதலில் பார்க்க வேண்டும்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை செய்து படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ரின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள் கலீஃபா. அகன்ற உலகையே ஆண்ட அமீருல் முஃமினீன், முன்னால் ஆபத்து என்றதும் கூச்சமின்றித் திரும்பினார்கள். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறதே என்ற வெட்கத்துக்காகப் பாலத்துக்குள் நுழைகிற நாம் யார்?

மார்க்கச் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் 1993-இல் புரூணையில் கூடிச் சாலை விபத்துகளைப் பற்றித் தீர்மானம் செய்தது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றும், தடுக்க முடியாத நிர்ப்பந்தம், பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு போன்ற விலக்குகள் தவிர, பிறருக்கு விளையும் தீங்குக்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும் அது கூறிற்று. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் அதற்குக் கஃப்பாரா உண்டு, வாரிசுகளுக்கு தியத் உண்டு என்பது திருமறையின் (4:92) சட்டம். 'தெரியாமல் நடந்தது' என்றால் பழிவாங்கல்தான் நீங்கும், பொறுப்பு நீங்காது.

இஸ்திஃபார் மட்டும் போதும் என்று நாம் சொன்னது எங்கே தவறு என்பது இப்போது விளங்கியிருக்கும். அடியார்களின் ஹக்கு கலந்திருக்கும் பாவத்தில், அந்த ஹக்கை நிறைவேற்றாமல் தௌபா பூர்த்தியாகாது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். யாரோ போட்ட முள்ளை எடுப்பதே ஈமான் என்றால், நாமே உண்டாக்கிய ஆபத்தை மூடி மறைப்பதற்கு என்ன பெயர்?

பஜ்ரு தொழுததும் அச்சகோதரரின் வீட்டுக்கு நடந்தோம். அவர் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நேற்று நாம் சொன்னது முழுமையில்லை. நம் மீதும் குற்றம் இருக்கிறது. அந்தப் பாலத்தில் அடிபட்டதைச் சொல்லியாக வேண்டும்" என்றோம். "வண்டியைப் பிடிச்சு வச்சுக்குவாங்களே, ஹஜ்ரத்? முதலாளி வேலையை விட்டு எடுத்துடுவார். மூணு பிள்ளைங்க" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல நம்மிடம் எளிதான பதிலும் இல்லை. அவருடைய தாயார்தான் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "போயிட்டு வா வாப்பா. ரயில்ல போறவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

இருவருமாக ரயில் நிலையத்துக்குச் சென்று நடந்ததைக் கூறினோம். அங்கிருந்த அதிகாரி இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொண்டு, உடனே போன் செய்து பாலத்தைப் பார்க்க ஆள் அனுப்பினார். வழக்கும் அபராதமும் வந்தன; அவர் கட்டினார். முதலாளி இரண்டு வாரம் வேலை கொடுக்கவில்லை. பிறகு கூப்பிட்டுக் கொண்டார். "அன்னைக்கு ராத்திரிதான் ஹஜ்ரத், ரயில் சத்தம் கேட்டும் தூங்கினேன்" என்று பின்னொரு நாள் சொன்னார்.

வாகனம் ஓட்டும் சகோதரர்களே! புறப்படுமுன் பயண துஆவை ஓதுங்கள். அத்தோடு வண்டியின் மிக உயர்ந்த பாகத்தை, கட்டிய சரக்கையும் தார்ப்பாயையும் சேர்த்து, டேப் வைத்து அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டுங்கள். பாரம் மாறினால் மீண்டும் அளவெடுங்கள். சாலைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தால் பலகையில் உள்ள உயரம் குறைந்திருக்கக் கூடும். வளைவான பாலத்தில் நடுவில் உள்ள உயரம் ஓரத்தில் இருக்காது. கார்களுக்கென அமைந்த கைபேசி வரைபடம் உங்கள் லாரியின் உயரத்தை அறியாது. ஐயம் வந்தால் நிறுத்துங்கள். கிளீனரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்று வழியில் செல்லுங்கள். அப்படியும் முட்டிவிட்டால் ஓடிவிடாதீர்கள். அருகிலுள்ள நிலையத்துக்கோ, ரயில்வேயின் 139 எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள்.

லாரி உரிமையாளர்களே! சுற்று வழியில் செலவான டீசலுக்காகக் கடிந்து கொள்ளாதீர்கள். உண்மையைச் சொன்னவரின் பிழைப்பைப் பறிக்காதீர்கள்; பறித்தால் அடுத்தவர் மறைப்பார். வீட்டிலுள்ள தாய்மார்களே! 'எப்போது வருவீர்கள்' என்று அவசரப்படுத்தாமல், 'பார்த்து வாருங்கள்' என்று கூறுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் அளவை நாங்கள் அறிந்து நடக்கச் செய்வாயாக! எங்களால் பிறருக்குத் தீங்கு நேராமலும், நேர்ந்ததை மறைக்காமலும் இருக்கத் தௌஃபீக் தருவாயாக! சாலையிலும் ரயிலிலும் செல்வோர் அனைவரையும் அவரவர் வீட்டுக்கு நலமே சேர்த்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.