வரப்பில்லாத உலோகம்

உலோகம் ஒரே அடியில் முறிவது அரிது. ரயில் அச்சும் பாலத்துச் சட்டமும் பெரும்பாலும் முறிவது, எளிதாகத் தாங்கக்கூடிய சுமை லட்சக்கணக்கான முறை வந்து வந்து போனதால்தான். 1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பின்னாளில் பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை தாங்கும் பலம் வேறு, ஓயாமல் தாங்கும் பலம் வேறு என்பதை எண்களால் நிறுவினார். இரண்டாவது பலம் முதலாவதைவிட வெகுவாகக் குறைவு.

அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை உலோகக் கண்ணாடியைப் போல வேறெந்தப் பொருளும் எனக்கு உணர்த்தியதில்லை.

சாதாரண உலோகம் உருகிய நிலையிலிருந்து ஆறும்போது அதன் அணுக்கள் வரிசை கட்டிப் படிகங்களாகின்றன. வரிசை கட்ட நேரமே கொடுக்காமல் ஆற்றினால்? 1960-இல் கால்டெக்கில் போல் டூவெஸின் குழு, தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகலை வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் குளிர்வித்தது. திரவத்தின் ஒழுங்கற்ற அமைப்பு அப்படியே உறைந்து நின்றது. இப்படி உறைந்த உலோகமே உலோகக் கண்ணாடி. அப்போது கிடைத்தது மெல்லிய சீவல்தான். 1993-இல் அதே நிறுவனத்தில் பெக்கரும் ஜான்சனும் சிர்க்கோனியம், டைட்டானியம், தாமிரம், நிக்கல், பெரிலியம் ஐந்தையும் சேர்த்து ஒரு கலவை கண்டார்கள். அளவில் வேறுபட்ட அத்தனை அணுக்களும் நெருக்கியடித்து நிற்கையில் வரிசை கட்டுவது கடினம். அதனால் வினாடிக்கு ஓரிரு டிகிரி ஆற்றினாலே போதும். சென்டிமீட்டர் கணக்கில் பருமனான உலோகக் கண்ணாடியை வார்க்கலாம்.

அதன் பலம் சுமார் 1,900 மெகாபாஸ்கல். கட்டடங்களில் பயன்படும் சாதாரண மென்எஃகு சுமார் 250-லேயே நெளியத் தொடங்கிவிடும். உலோகக் கண்ணாடியோ, இரண்டு விழுக்காடு வரை வளைத்துவிட்டாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். காரணம், படிக உலோகத்தின் பலவீனங்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் எவையும் இதில் இல்லை. அணு வரிசைகளின் பிசகுகள் இல்லை, படிக மணிகள் இல்லை, மணிகளுக்கு இடையே எல்லைகளும் இல்லை.

இவ்வளவு பலமுள்ள பொருளைத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பெர்க்லியில் ராபர்ட் ரிச்சியும் சகாக்களும் அயர்ச்சிச் சோதனைக்கு, அதாவது ஓயாமல் வரும் சுமையை எவ்வளவு தாங்கும் என்ற சோதனைக்கு, உட்படுத்தினார்கள். மீண்டும் மீண்டும் வளைத்தபோது, தன் பலத்தில் நூற்றில் நான்கு பங்கு அளவான அலைவுக்கே அது இற்றுப்போனது. நல்ல எஃகு தன் பலத்தில் பாதியளவு வரைக்கும் நிற்கும். சோதனைக்குச் சோதனை இந்த எண் மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். மேற்பரப்பின் மெருகு, வார்ப்பின்போது உள்ளே தங்கிய அழுத்தம், வளைக்கும் முறை எல்லாம் அதைப் பாதிக்கின்றன. ஆனாலும் முதல் அதிர்ச்சி நியாயமானதே.

ஏன் இப்படி? படிக மணிகளின் எல்லைகள் வயலின் வரப்புகள் போன்றவை. ஒரு பாத்தியில் மடை உடைந்தாலும் நீர் அடுத்த வரப்பில் தட்டி நிற்கும். உலோகக் கண்ணாடி முழுக்க ஒரே பாத்தி. அதில் உருக்குலைவு நிகழும்போது சில பத்து நானோமீட்டர் தடிப்பே உள்ள ஒரு மெல்லிய பட்டையில் அத்தனையும் குவிகிறது. அந்தப் பட்டை சறுக்கத் தொடங்கினால் தடுக்க எதுவுமில்லை. அது விரிசலாகிறது, விரிசல் ஓடுகிறது. எந்தக் குறையின்மை அதற்கு அந்தப் பெரும்பலத்தைத் தந்ததோ, அதே குறையின்மைதான் அதைக் காப்பாற்ற ஆளில்லாமலும் செய்கிறது.

வெப்பம் உலோகத்துக்கு மருந்து என்பது நூற்றாண்டுகளின் அனுபவம். தோய்ச்சல் கொடுத்த கத்தியை மறுபடி லேசாகச் சூடுகாட்டினால் அதன் நொறுங்கும் குணம் தணியும் என்பது எந்தக் கொல்லருக்கும் தெரியும். உலோகக் கண்ணாடியிலோ இது தலைகீழ். மேற்சொன்ன ஐந்து உலோகக் கலவை 350 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழே சில மணி நேரம் வைத்திருந்தால், அவசரத்தில் உறைந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து செறிவாக அமர்கின்றன. இடையிலிருந்த சின்னஞ்சிறு காலியிடங்கள் குறைகின்றன. கடினம் கூடுகிறது; ஆனால் முறிவைத் தாங்கும் குணம் சரிகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முரளியும் ராமமூர்த்தியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நொறுங்கும் தன்மையைப் பற்றியதே. இன்னும் சூடேற்றினால் படிகங்கள் முளைக்கும். கட்டுப்பாடின்றி முளைக்கும் அவை நிலைமையை மேலும் கெடுக்கும்.

அயர்ச்சியில் இதன் விளைவு விசித்திரமானது. செறிந்து அமர்ந்த கண்ணாடியில் முதல் விரிசல் பிறப்பது தாமதமாகலாம். பிறந்துவிட்ட பிறகு அது வளரும் வேகமோ பெரிதாக மாறுவதில்லை. விரிசலின் நுனியிலுள்ள விசை அங்கிருக்கும் அணுக்களைக் கலைத்து, இழந்த காலியிடத்தைத் திரும்ப உண்டாக்கிக்கொள்கிறது. பல மணி நேரச் சூட்டில் சேர்த்த செறிவு, விரிசல் நுனி இருக்கும் அந்த நுண்ணிய இடத்தில் மட்டும் இல்லாமல் போகிறது. இதைப் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

இளமை, பலம், ஒழுங்கு, அமைதி என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் நன்மைகள் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்று நம்புகிறோம். இந்த உலோகம் அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. அமைதியடைந்தது இணங்க மறுக்கிறது. கலைந்து கிடந்ததில்தான் விட்டுக்கொடுக்க இடமிருந்தது. ஒரு பெரும் சுமையை எதிர்க்க மாசின்மை போதும். தினமும் வரும் சிறு சுமையைக் கடக்க, சேதம் நேரட்டும், ஆனால் இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லும் எல்லைகள் உள்ளே வேண்டும்.

2009-இல் வந்த தீர்வு இதையே செய்தது. திரவத்துக்கும் திடத்துக்கும் நடுவிலான வெப்பநிலையில் கலவையை நிறுத்திவைத்து, மரக்கிளைபோல் விரியும் மென்மையான படிகங்களைக் கண்ணாடிக்குள் வளரவிட்டார்கள். கிளைகளுக்கு இடையே எஞ்சிய கண்ணாடியின் அகலம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஆபத்தான விரிசலாக வளரத் தேவையான நீளத்தைவிடக் குறைவு. சறுக்குப் பட்டை எழும், கிளையில் முட்டி நிற்கும். அயர்ச்சியைத் தாங்கும் எல்லை ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தது. நொறுங்க வைத்த அதே வெப்பம், வேறொரு கட்டத்தில், அளவறிந்து கொடுத்தபோது வரப்பு கட்டியது. 2015-இல் இன்னொரு வழியும் தெரிந்தது: திரவ நைட்ரஜனில் ஆழ்த்தி அறை வெப்பத்துக்கு எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால், செறிந்து கிடந்த கண்ணாடிக்குள் கலைவு மீண்டும் சேர்கிறது.

இன்று நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நிலவின் கடுங்குளிருக்கான ரோபோக் கையில் உலோகக் கண்ணாடிப் பற்சக்கரங்களை வைத்திருக்கிறது. அவற்றுக்குத் திரவ மசகும் வேண்டாம், சூடேற்றியும் வேண்டாம். அதே ஆய்வகத்தார் இந்த உலோகத்தில் வார்த்துப் பார்த்த இன்னொரு உறுப்பு, வளைந்து சுழலும் பல்லிணையின் மெல்லிய கிண்ணம். உள்ளிருக்கும் நீள்வட்ட அச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை அந்தக் கிண்ணச் சுவரை வளைத்து விடுகிறது.