தூண் யார்?



தூண் என்கிற சொல்லை நாம் இரண்டு விதமாய் வழங்குகிறோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்தால், "குடும்பத்துக்குத் தூணாயிருந்தவர் போய்விட்டாரே" என்று அழுகிறோம். வேலை செய்யாமல் நிற்கிற பையனைப் பார்த்து, "தூண் மாதிரி ஏன் நிற்கிறாய்?" என்று அதட்டுகிறோம். சொல் ஒன்றுதான், அங்கே புகழ்ச்சி, இங்கே ஏச்சு. வித்தியாசம் எங்கே? வெறுமனே நிற்பதால் ஒருவன் தூண் ஆவதில்லை. பாரத்தை ஏற்றுத் தாங்கினால்தான் தூண்.

சாலமோன் இராசா செருசலேமில் தேவாலயத்தைக் கட்டினபோது, அதன் முகமண்டபத்தில் இரண்டு வெண்கலத் தூண்களை நாட்டுவித்தான். ஒவ்வொன்றும் 18 முழ உயரம். 12 முழச் சுற்றளவு. உச்சியில் லீலிப்புஷ்ப வேலைப்பாடு. சுற்றிலும் வரிசை வரிசையாய் மாதுளம்பழங்கள். ஒன்றுக்கு யாக்கீன் என்றும் மற்றதற்குப் போவாஸ் என்றும் பேரும் இட்டார்கள். அவைகளைக் கண்டு வியக்காதவர் யார்? ஆனால் சனங்கள் சர்வேசுரனை விட்டு விலகினபோது, அந்த வெண்கலம் அவர்களைக் காக்கவில்லை. கி.மு. 587-ம் ஆண்டளவில் பாபிலோனியர் தேவாலயத்தைச் சுட்டெரித்து, அந்தத் தூண்களைத் துண்டு துண்டாய் உடைத்து, வெண்கலத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். பேரும் அழகும் இருந்தும் அவை நிலைக்கவில்லை.

இனி வேறொரு ஊரைப் பாருங்கள். சின்ன ஆசியாவில் பிலதெல்பியா என்று ஒரு பட்டணம். கி.பி. 17-ம் ஆண்டில் உண்டான பெரிய பூமியதிர்ச்சி அதையும் நாசமாக்கிற்று. அதன் பின்பும் சுவர்கள் அடிக்கடி வெடித்துக்கொண்டிருந்தபடியால், அநேகர் பட்டணத்தை விட்டு வயல்வெளிகளில் குடியிருந்தார்கள் என்று ஸ்திராபோ என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். தூண் சாயும், கூரை விழும், ஓடவேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அங்கேயிருந்த சிறிய சபைக்கு நமதாண்டவர் சொல்லியனுப்பினதை அர்ச். அருளப்பர் காட்சியாகமத்தில் எழுதிவைத்தார். உங்கள் பலம் கொஞ்சந்தான் என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் தமது நாமத்தை மறுதலியாமல் நின்றார்கள் என்று மெச்சுகிறார். கடைசிவரை வெற்றிகொள்ளுகிறவனைத் தமது பிதாவின் ஆலயத்தில் தூணாக்குவதாகவும், அவன் இனி ஒருபோதும் வெளியேறுவதில்லை என்றும் வாக்களிக்கிறார். வீட்டை விட்டு ஓடிப் பழகினவர்களுக்கு இதைவிட ஆறுதலான வார்த்தை உண்டோ?

"நான் பலவீனன், நான் எப்படித் தூணாவேன்?" என்று யாரும் சொல்லவேண்டாம். அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், தூண்களாய் எண்ணப்பட்டவர்களுள் ஒருவராக இராயப்பரையும் சொல்லுகிறார். அந்த இராயப்பர் யார்? ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்தவர். மனஸ்தாபப்பட்டு அழுதார்; வரப்பிரசாதம் அவரைத் தூக்கி நிறுத்திற்று.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டுக்குள் கண்களைத் திருப்புங்கள். அங்கே தூண் யார்? கோழி கூவுமுன் எழுந்து, எல்லாரும் உண்ட பின் மீந்ததை உண்டு படுக்கிற தாயாயிருக்கலாம். தம்பி தங்கைகளுக்காகத் தன் கலியாணத்தைத் தள்ளிவைத்திருக்கிற மூத்த மகளாயிருக்கலாம். படுக்கையில் கிடந்தபடியே வீட்டுக்காகச் செபமாலை சொல்லுகிற பாட்டியாயிருக்கலாம். அவர்கள் பேர் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. அவர்கள் ஒரு நாள் விலகினால் தெரியும், கூரை எதன்மேல் நின்றதென்று.

இங்கேதான் நமது குற்றமும் இருக்கிறது. ஒருவரைத் தூண் என்று புகழ்ந்து, பாரத்தையெல்லாம் அவர்மேலேயே ஏற்றிவிட்டு, நாம் திண்ணையில் சாய்ந்துகொள்ளுகிறோம். கல் தூணும் அளவுக்கு மிஞ்சின பாரத்தால் வெடிக்கும், மனிதர் எம்மாத்திரம்! தகப்பன்மாரே, சாராயத்துக்குப் போகும் காசு வீடு வந்தால், உங்கள் மனைவியின் பாரம் எவ்வளவு குறையும்! வாலிபரே, படிப்பு முடிந்தும் வீட்டுச் செலவுக்கு அக்காளின் கையையே பார்த்திருப்பது நியாயமா?

இந்த வாரத்தில் ஒவ்வொருவரும் வீட்டிலே ஒரு பாரத்தைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குடமாயிருந்தாலும் சரி, நோயாளிக்குக் காவலாயிருந்தாலும் சரி. சிலுவைப் பாரத்தைத் தோளில் ஏற்ற சேசுநாதர் சுவாமி, இப்படித் தாங்குகிறவர்களையே ஒருநாள் தமது பிதாவின் ஆலயத்தில் தூணாக நிறுத்துவார்.

ஆமென்.