குறிப்பறிந்து ஈதல்



திங்கள்தோறும் நிகழும் எமது சித்தாந்த வகுப்பிலே, சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின் பொருளை விரித்துக்கொண்டிருந்த ஒரு நாள், வகுப்பு முடிந்தபின் அன்பரொருவர் எம்மை அணுகிச் சிறிது கூச்சத்தோடு ஒரு வினாவை விடுத்தார். அவர்தம் தமையனார் மகள் நாய்களிடத்தே பேரன்புடையவள். பதின்மூன்றாண்டு வளர்த்த நாய் அண்மையில் இறந்துபட்டது. அவளது பிறந்தநாளும் அணித்தாய் வருகின்றது. "அவளுக்கு யாது பரிசு கொடுப்பது? புதியதொரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டார் சொல்லுகின்றனர். ஐயா அவர்கள் திருவுளம் யாதோ?" என்பதே அவ்வினா. உடனிருந்த மற்றோரன்பர் நகைத்தார். முப்பொருளுண்மை ஆராயும் அவையில் நாயைப்பற்றிய பேச்சு எற்றுக்கு என்பது அந்நகைப்பின் பொருள். யாம் நகைத்திலேம். அதற்குக் காரணமுண்டு, அதனைப் பின்னர்ச் சொல்லுவாம்.

பசு என்னுஞ் சொல்லை நாம் நாடோறும் வழங்குகின்றோம். அச்சொல் மக்களுயிரை மாத்திரமா குறிப்பது? தேவர் முதல் தாவரம் ஈறாகிய எழுவகைப் பிறப்பினும் உழலும் உயிரனைத்தையுமன்றோ குறிக்கும்! உடம்பு வேறு, கருவிகளின் விளக்கம் வேறு, ஆணவ இருளிற் கிடந்து அருளை வேண்டிநிற்கும் நிலை எல்லாவற்றிற்கும் ஒன்றே. அவ்வுயிர்களுக்கு இறைவன் ஈந்தருளியன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. இவற்றை அவன் எவ்வாறு ஈந்தான் என்பதையே இன்று சிறிது நோக்குவோம். எல்லார்க்கும் ஒரே படித்தாகவா ஈந்தான்? அன்று. மீனுக்குச் செவுளும், பறவைக்குச் சிறகும், நாய்க்கு மணமறியும் நாசியும் தந்தான். பெறுவதன் வினையும் பக்குவமும் நோக்கித் தருதலே அவன் கொடையின் இயல்பு. சத்திநிபாதத்தை நால்வகையாகப் பகுத்துரைத்தலும் இக்கருத்துப்பற்றியே. தன் பெருமை தோன்றக் கொடுத்தல் அவனிடத்து இல்லை.

திருவிளையாடலில் அடுத்தடுத்து வரும் வரலாறுகள் சிலவற்றை இந்நோக்கோடு மீளவும் படித்துப் பாருங்கள். பாண்டியன் வேட்டையில் தாயுந் தந்தையும் மாளப் பசித்துக் கிடந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குப் பெருமான் முதலிற் கொடுத்தது யாது? உபதேசமன்று, பால். அதுவும் தானே தாய்ப்பன்றியாகி வந்து கொடுத்த பால். காக்கைகள் தலையிற் கொத்தக் குருதி சோர வந்த கரிக்குருவிக்கோ, அது வேண்டியது வலிமையாகலின், மந்திரத்தை உபதேசித்து வலியான் என்னும் பெயர் விளங்குமாறு வலிமை தந்தான். நாரை வேண்டியது இவ்விரண்டுமன்று. பொற்றாமரையில் மீன் இருப்பின் தன் இனத்தார் அவற்றைத் தின்று பாவமெய்துவர் என அஞ்சி, அத்தீர்த்தத்தில் மீனே இல்லாதிருக்க வேண்டுமென்று அது விண்ணப்பித்தது. அங்ஙனமே அருளினான். குட்டிக்கு உபதேசமும் நாரைக்குப் பாலுங் கொடுத்திருந்தால், கொடுத்தவன் பெரியோனாதலால் அவை பரிசு ஆகியிருக்குமோ?

அடியார்களிடத்தும் இவ்வியல்பு காண்கின்றோம். காஞ்சியில் வாழ்ந்த ஏகாலியர் ஒருவர், அடியவர் திருவுள்ளக் குறிப்பையறிந்து தொண்டு செய்தமையாலேயே திருக்குறிப்புத்தொண்டர் எனப்பட்டார். அவரால் பொன் கொடுக்க இயலாது; அழுக்குடையை வெளுத்துக் கொடுக்க இயலும். குளிரில் நடுங்கும் ஏழைக்கு அந்திக்குள் உலர்ந்த கந்தை வேண்டும் என்பதை அறிந்தார். மழை விடாது பெய்து அது கூடாதாயிற்று என்றபோது துவைக்குங் கல்லிலே தம் தலையை மோதினார். ஒரு கந்தைத் துணிக்காக இத்துணைத் துன்பமா என்று வினவுவோர் அவர் வரலாற்றை அறியாதவரே.

வாய் பேசுவோர் குறிப்பையேனும் முகத்தாலும் மொழியாலும் அறியலாம். வாயில்லா உயிர்களின் குறிப்பை அறிதல் எங்ஙனம்? இதற்கு நம் முன்னோர் வைத்துப்போன சான்று ஒன்றுளது. காஞ்சியிலே அம்மை இருநாழி நெற்கொண்டு இயற்றியருளியன எனப்படும் முப்பத்திரண்டு அறங்களுள் ஆவுரிஞ்சுதறி நாட்டலும் ஒன்று. மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலையருகிலும் ஒரு கல்லை நட்டு வைப்பர், அவ்வளவே. பசுவுக்கு முதுகிலும் கழுத்திலும் தினவெடுத்தால் சொறிந்துகொள்ளக் கையில்லை. அதனைக் கண்டான் ஒருவன். கண்டவன் யாவன் என அறியோம். ஆயின் அவன் பசுவின் உடம்புக்குள் ஒருகணமேனும் புகுந்து நோக்கியவனாதல் வேண்டும். புல் கொடுத்தல் எவர்க்கும் தோன்றும். தினவுக்குக் கல் நாட்டுதல் அன்பு முதிர்ந்தவர்க்கன்றித் தோன்றாது. பல ஊர்களில் அக்கற்கள் இன்றும் நிற்கின்றன. எதற்கென அறியாதார் அவற்றிற்குச் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கின்றனர்!

இனி, யாம் நகையாமைக்குக் காரணங் கூறுவாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேய்பிறை அட்டமியன்று வைரவக் கடவுளுக்கு வழிபாடு நிகழ்ந்தபின், அவர் ஊர்தியாகிய நாய்களுக்கும் ஏதேனும் இடவேண்டும் என்று எமக்குத் தோன்றிற்று. நிவேதித்த சருக்கரைப் பொங்கலை, நெய் ஒழுக, முந்திரியும் உலர்ந்த திராட்சையும் நிறைய, தெருநாய்களுக்கு வாழையிலையிட்டுப் படைத்தோம். அவை உண்டன. கண்டு உள்ளங் குளிர்ந்தோம். அன்றிரவே அவற்றுள் முதியதாகிய செம்மி என்னும் நாய் கக்கத் தொடங்கிற்று. மறுநாள் நீரும் அருந்தாது கிடந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் அற்று மாண்டது. விலங்கு மருத்துவர் வந்து, உண்டது யாதென வினவி, சிறுநீரகம் பழுதுற்றமைக்குத் திராட்சையே ஏதுவாயிருக்கலாம் என்றார். பச்சையாயினும் உலர்ந்ததாயினும் திராட்சை நாய்க்கு நஞ்சாகும் என்பதும், எவ்வளவு உண்டால் தீங்கு விளையும் என்பது நாய்க்கு நாய் வேறுபடும் என்பதும் அன்றுதான் யாம் அறிந்தோம். அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமென்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவ்வமிலம் புளியில் மிகுதி. ஆகவே புளியோதரையும் கொடுக்கத்தக்கதன்று. சாக்கலேட்டும், வெங்காயமும் பூண்டும், இனிப்புப் பண்டங்களிற் சேர்க்கும் சைலிட்டாலும் அவற்றிற்கு ஆகா. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். இவற்றை விரித்துரைத்தற்கு இவ்விதழ் இடமன்று எனின், செம்மியின் பொருட்டு அன்பர்கள் பொறுத்தருள்க.

யாம் கொடுத்தது பிரசாதமன்றோ, அன்போடன்றோ கொடுத்தோம் என்று பன்னாள் எமக்குள்ளே வழக்காடினோம். அவ்வழக்கு நிலைபெறவில்லை. எமக்கு இனியதை அதற்கு இட்டோம். அதற்கு உரியது யாதென்று ஒருவரையும் வினவினோமில்லை. ‘யான் கொடுக்கின்றேன்’ என்னும் முனைப்பு அன்பின் ஆடையை உடுத்துக்கொண்டு வந்தது என்பதன்றி வேறென் சொல்வது?

அற்றேல், விலங்குகள் துன்புறுதல் அவற்றின் பழவினையாலன்றோ. நாம் இடைப்புகுதல் எற்றுக்கு எனச் சிலர் கடாவுவர். இக்கடாவை மக்களுக்கும் ஒப்ப ஏற்பாராயின் மடங்களில் அன்னம்பாலிப்பை இன்றே நிறுத்தல் வேண்டும். துன்பம் வினைவழி வருமாயின், அதனைத் தணிக்க நீளும் கையும் வினைவழியே வருவது. எவ்வுயிர்க்கு எவ்வளவு என்னும் கணக்கு ஊட்டுவானாகிய முதல்வனிடத்தது, நம்மிடத்ததன்று.

இன்னுஞ் சிலர், இது பசுபுண்ணியமேயன்றிச் சிவபுண்ணியமாகாது என்பர். இதனை யாம் மறைத்துப் பேச விரும்புகிலேம். நாய்க்குச் சோறிடுதல் அவ்வளவில் பசுபுண்ணியமே. ஆயின் இரண்டாஞ் சூத்திரம் உணர்த்துவது யாது? இறைவன் உயிர்களோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராதலால் உடனாயும் நிற்கின்றான் என்பதன்றோ? அந்நிலை நாயின்கண் இல்லையென்று கூறுதற்கு எந்நூல் இடந்தருகின்றது? அம்பர் மாகாளத்தில் சோமாசிமாறர் வேள்விக்குப் பெருமான் புலையனாய் எழுந்தருளியபோது நான்மறைகளே நாய்களாய் உடன்வந்தன என்பது தலவரலாறு. வேதியர் பலர் வெருண்டோடினர் என்றும் அது சொல்லுகின்றது. யான் எனது என்னுஞ் செருக்கற்று, பத்தாஞ் சூத்திரங் கூறும் இறைபணியாக நின்று கொடுப்பின், அச்செயல் எப்பெயர் பெறும் என்பதைச் சித்தாந்தம் வல்ல பெரியோர் தெளிவிப்பாராக. எமக்குத் தோன்றியதை எழுதினோம்.

இக்காலத்தே ஆதரவற்ற விலங்குகளைப் பேணுங் காப்பகங்கள் பல ஊர்களில் உள. சென்னையில் புளூ கிராஸ் 1959-இல் தொடங்கப்பெற்றது. விலங்குவதையைத் தடுக்குஞ் சட்டம் 1960-இல் இயற்றப்பெறுவதற்கு ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் 1950-களிலே செய்த முயற்சி அடிகோலிற்று. இத்தகைய காப்பகங்களுக்கு உதவ விழைவோர், முதலில் ஆங்குச் சென்று வேண்டுவது யாதென வினவுதல் வேண்டும். பெரும்பாலும் அவர்கள் வேண்டுவன மிக எளியன. பழைய நூல்வேட்டியும் சேலையும் விரிப்புக்கு ஆகும். பழைய செய்தித்தாள் தரையில் விரிக்க ஆகும். அரிசியும், மருந்துக்குரிய பொருளும், வாரத்தில் இரண்டு நாழிகை கூண்டு கழுவுங் கையும் ஆகும். எம் போல்வார்க்கு மேடைதோறும் போர்த்தப்பெறும் பொன்னாடைகள் நீரை உறிஞ்சாவாதலின் அவற்றிற்கும் பயன்படா என்று ஒரு காப்பகத்தார் எம்மிடம் வருத்தத்தோடு தெரிவித்தனர்.

எல்லாவற்றினும் மேலான கொடை வெறிநோய்த் தடுப்பூசி என்போம். மக்களுக்கு அந்நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்க்கடியாலேயே என்றும், ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இடப்பெறின் நோய் பரவுதல் அறும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தார் கூறுவர். நாய் கடித்து மாளும் ஏழைக் குழந்தையை மறந்து நாய்க்கு இரங்குதல் இரக்கமாகாது. ஈரிடத்தும் ஒருங்கே சென்று தங்கும் கொடை இஃதொன்றே.

இனி அவ்வன்பர் வினாவுக்கு வருவாம். குட்டியைப் பரிசாகக் கொடுத்தல் ஆகாது என்றோம். பொருளைக் கொடுக்கலாம், உயிரை எங்ஙனம் கொடுப்பது? அதனை உடையவன் பதி ஒருவனே. பத்துப் பன்னிரண்டாண்டுக் கடமையை, அவளுடைய இசைவு பெறாது, நாடா கட்டிய கூடையில் வைத்து நீட்டுதல் அன்பாகத் தோன்றினும் அன்பன்று. அவ்வாறு ஒரு மணிவிழாவிற் கொடுக்கப்பெற்ற உயர்குலத்து நாய்க்குட்டி ஒன்று, ஓராண்டு நிரம்புமுன் நெடுஞ்சாலையோரத்தே விடப்பட்டமையை யாம் அறிவோம். அவள் தானே வேண்டும் நாளில், காப்பகத்திற்கு உடன்சென்று வருதல் நன்று.

அன்றியும் துயருற்றாள் வேண்டுவது மாற்றுப்பொருளன்று; இறந்ததனை நினைத்தற்கு ஓரிடம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உளது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டிற்குரியது. அப்பர் பெருமானால் சைவம் புக்கவன் என மரபு கூறும் அப்பல்லவனே. கால்நடைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற அவன் நாயும் அதன்கண் உருவாய் நிற்கின்றது. கோவிவன் என்னும் அதன் பெயரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டுவித்தவர் எம் வகுப்பில் நகைத்த அன்பரைக் கண்டு நாணியிருக்கமாட்டார்.

இதனைக் கேட்டுச் சென்ற அன்பர் கருங்கற் றச்சரிடஞ் சொல்லிச் சிறியதொரு நீர்த்தொட்டி செய்வித்தார். விளிம்பில் இறந்த நாயின் பெயர் வெட்டப்பெற்றது. அதனோடு, "நாயை விட்டுச் செல்ல இயலாதென்று பதின்மூன்றாண்டு காசிக்குச் செல்லாதிருந்தாயே, இப்பொழுது போய் வா. இனி ஒன்று வளர்ப்பையாயினும் நீ யாத்திரை செல்லுங்கால் யான் வந்து அதனைக் காப்பேன்" என்று கைப்பட எழுதிய தாளொன்றையுங் கொடுத்தாராம். தொட்டி அவள் வீட்டு வாயிலில் வேப்பமர நிழலில் இருக்கின்றது. கோடையில் இருமுறை கழுவி நீர் நிரப்புகின்றாள். நாய்கள் பொழுது ஏறியபின்பே வருகின்றனவாம். விடியலில் முதற்கண் வந்து குடிப்பன காக்கைகள் என்று அன்பர் சொன்னார்.