பந்தயப் பணம் யாருடைய பணம்?



கைத்தொலைபேசியில் விளையாட்டுப் பந்தயம் கட்டுவது பாவமா? அரசாங்கமே அனுமதித்திருக்க, சுவாமிமார் ஏன் தடுக்க வேண்டும் என்று இளைஞர் கேட்கிறார்கள். நடுச்சாமத்தில் வீட்டுக்காரர் தொலைபேசியை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாரென்று தாய்மார் கேட்கிறார்கள். இரு திறத்தாருக்கும் நேரான மறுமொழி சொல்ல வேண்டியது பங்குக் குருவின் கடமையாதலால், இந்த வாரம் இதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் சட்டம் யாதென அறிவோம். குதிரைப் பந்தயம் நீங்கலாக, ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவின்மேல் பணம் கட்டுவதற்குக் கனடாச் சட்டம் முன்பு இடங்கொடுக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27-ஆம் திகதி அந்தத் தடை நீங்கிற்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் திகதி முதல் நமது ஒன்ராறியோ மாகாணத்தில் தனியார் நிறுவனங்களும் அனுமதி பெற்றுப் பந்தயச் செயலிகளை நடத்தி வருகின்றன. 19 வயது நிறைந்தவர்களே அவற்றில் ஆடலாம்.

இனி, திருச்சபை போதிப்பது யாது? பந்தயமும் சூதாட்டமும் தம்மிலே நீதிக்கு விரோதமானவை அல்ல என்று 1992-ஆம் ஆண்டின் கத்தோலிக்க ஞானோபதேச நூல் 2413-ஆம் எண்ணில் போதிக்கிறது. ஆனால் தன் அவசியத்துக்கும் பிறருடைய அவசியத்துக்கும் வேண்டிய பொருளை அவை பறிக்கும்போது ஆகாதவையாகின்றன என்றும், அந்த ஆசை மனிதனை அடிமைப்படுத்தக்கூடும் என்றும் அதுவே எச்சரிக்கிறது. வேதசாஸ்திரிகள் இதையே நான்கு நிபந்தனைகளாய் வகுத்தார்கள். வைக்கும் பணம் நமக்குச் சொந்தமாயும், நம் இஷ்டப்படி செலவிடத்தக்கதாயும் இருக்க வேண்டும். இரு திறத்தாரும் மனம்பொருந்தி ஆட வேண்டும். வஞ்சகம் கூடாது. பந்தயம் வைக்கும் காரியம் யோக்கியமானதாய் இருக்க வேண்டும்.

இந்த நான்கில் அரசாங்க அனுமதி எதற்கு உத்தரவாதம் செய்கிறது? பெரும்பாலும் வஞ்சகமில்லாமைக்கே. பந்தயக்காரர் யோக்கியரா என்று ஆணையம் பார்க்கும். அந்தப் பணம் உங்களுடையதா என்று எந்த ஆணையமும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியது உங்கள் மனச்சாட்சி.

திருவுளச்சீட்டுப் போடுதல் வேதாகமத்திலும் உண்டு. மத்தியாசைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர்கள் ஜெபம்பண்ணிச் சீட்டுப் போட்டார்கள். கல்வாரி மலையில் சேவகர்களும் சீட்டுப் போட்டார்கள். அவர்கள் போட்டதோ தங்களுடையதல்லாத ஓர் அங்கிக்காக. தலைக்குமேலே ஆண்டவர் உயிர் விட்டுக்கொண்டிருக்க, அவர்களுடைய கண்ணெல்லாம் சீட்டின் மேலேயே இருந்தது. பிள்ளை பக்கத்தில் வந்து நின்று கூப்பிட்டும் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காத தகப்பன் அந்தச் சேவகர்களை ஒருகணம் நினைத்துக்கொள்வானாக.

நம் வீட்டுப் பணம் யாருடையது? பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உழைத்துத் தேடிய பணம் அது. அதில் வீட்டுக் கடனுக்குப் பங்குண்டு. பிள்ளைகளின் படிப்புக்குப் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மாதக் கடைசியை எதிர்பார்த்திருக்கும் வயோதிபப் பெற்றோருக்கும் பங்குண்டு. ஊரார் நம்பித் தந்த சீட்டுக் காசோ முழுவதும் பிறருடையது. இவற்றிலிருந்து எடுத்துப் பந்தயம் கட்டுகிறவன், அனுமதி பெற்ற செயலியில் கட்டினாலும், தனக்குச் சொந்தமல்லாததைக் கட்டுகிறான்.

வென்றால் எல்லாருக்கும்தானே என்று சிலர் நியாயம் சொல்லக்கூடும். ஆகையால் கணக்கையும் பாருங்கள். சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதும்போது இரு பக்கத்துக்கும் 1.91 என்ற வீதத்தைக் காட்டுவது வழக்கம். அதாவது, 100 டொலர் வைத்து வென்றால் 191 டொலர் கைக்கு வரும். இரு பக்கத்திலும் நூறு நூறாய் வைத்தால், 200 கொடுத்து 191 வாங்குவீர்கள். மிஞ்சிய 9 டொலரும் பந்தயக்காரருடைய கூலி. இந்த வீதத்தில் நஷ்டமில்லாமல் தப்புவதற்கே நூறு பந்தயத்தில் 53 வெல்ல வேண்டும். மூன்று ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பந்தயம் இன்னும் மோசம். மூன்றும் பலிப்பது எட்டில் ஒரு முறை. நியாயப்படி 10 டொலருக்கு 80 டொலர் வர வேண்டும். வருவதோ 70-க்கும் சற்றுக் குறைவு. இதில் களவில்லை, எல்லாம் திரையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இதைச் சம்பாத்தியம் என்று எண்ணுவது மதியீனம். படம் பார்க்கக் கொடுத்த காசைப்போல, போனது போனதுதான் என்று வைக்கக்கூடிய தொகையே பந்தயத்துக்குரிய தொகை.

இவ்வளவும் அறிந்தபின், பொழுதுபோக்காய்ச் சிறிது வைக்க விரும்புகிறவர்கள் கைக்கொள்ள வேண்டியவை எவையென்றால்:

முதலாவது, மாகாண அரசின் ஓ.எல்.ஜி. நிறுவனத்தையோ, ஐகேமிங் ஒன்ராறியோ தன் இணையத்தளத்தில் வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்கும் நிறுவனங்களையோ தவிர வேறிடத்தில் கட்டாதேயுங்கள். வாட்ஸப்பில் சிநேகிதன் அனுப்பிய இணைப்பு அனுமதியாகாது. அத்தகைய இடத்தில் வென்ற பணம் வராவிட்டால் முறையிட இடமில்லை.

இரண்டாவது, கணக்குத் தொடங்கும் அன்றே பணத்துக்கும் நேரத்துக்கும் எல்லை குறியுங்கள். அனுமதி பெற்ற செயலிகள் இதற்கு வழிசெய்ய வேண்டுமென்பது சட்டவிதி. குறித்த எல்லையைப் பிறகு தளர்த்தக் கேட்டால், குறைந்தது 24 மணி நேரம் சென்ற பின்பே அது நடக்கும். அந்த ஒருநாள் தாமதம் பலரைக் காப்பாற்றும்.

மூன்றாவது, கனடாவில் 2021-ஆம் ஆண்டு வல்லுநர் வகுத்த அளவைத் தாண்டாதேயுங்கள். மாதத்தில் வைப்பது, வரி கழிக்குமுன் உள்ள குடும்ப வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஆடுவது மாதத்தில் நான்கு நாள். வழக்கமாய் ஆடுவது இரண்டு வகைக்கு மேற்படாமல். மாதம் 6,000 டொலர் வரும் வீட்டுக்கு இது 60 டொலர். இது உச்ச எல்லையேயன்றிக் கட்டளையல்ல. மதுவாலோ மனச்சோர்வாலோ வருந்துகிறவர்கள் தொடாதிருப்பதே நலம்.

நான்காவது, மனைவிக்கோ கணவனுக்கோ சொல்லக்கூடாத பந்தயத்தை ஒருபோதும் கட்டாதேயுங்கள். ஒளிக்க வேண்டியிருந்தால், அந்தப் பணம் உங்களுடையதல்ல என்று மனச்சாட்சி முன்னமே தீர்ப்புச் சொல்லியாயிற்று.

ஐந்தாவது, 19 வயது நிறையாத மகன் தகப்பனுடைய கணக்கில் ஆட இடங்கொடாதேயுங்கள்.

தேடிய பணம் மிகுதியானால் ஆபத்து வராது என்று எண்ண வேண்டாம். நம் நகரத்து ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணியில் ஆடிய ஜோன்ரே போட்டர் என்ற இளைஞருக்கு, பந்தயக் குற்றத்துக்காக 2024 ஏப்ரலில் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. சூதாட்டக் கடனிலிருந்து தப்பவே அப்படிச் செய்ததாக அவரே பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவரைத் தீர்ப்பிடாமல், அவருக்காக வேண்டிக்கொள்வோம்.

கடைசியாய், ஏற்கெனவே கடனில் விழுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இழந்ததை மீட்க இன்னொரு பந்தயம் என்பது பசாசின் ஆலோசனை. அதற்குச் செவிகொடாமல் இன்றே வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். செயலியில் உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளும் வசதியுண்டு, அதைப் பயன்படுத்துங்கள். கொனெக்ஸ் ஒன்ராறியோ என்னும் சேவை இரவும் பகலும் தொலைபேசியில் இலவசமாய், இரகசியமாய் வழிகாட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். சர்வேசுரன் பாவத்தை மன்னிக்கிறார். எடுத்த பிறர் பணத்தை மெல்லமெல்லத் திருப்பிக் கொடுப்பதும், பழக்கத்துக்கு மருந்து தேடுவதும் நமது கடன். வெட்கத்தால் ஒருவரும் வெளியே நிற்க வேண்டாம்.

தச்சுப்பட்டறையில் உழைத்துத் திருக்குடும்பத்தைப் போஷித்த அர்ச்சியசிஷ்ட சூசையப்பர், உங்கள் இல்லங்களையும் உங்கள் உழைப்பின் பலனையும் காத்தருள்வாராக. இந்த ஞாயிறு இரவு செபமாலை முடிந்தவுடன், கணவனும் மனைவியும் வீட்டுக் கணக்கை எடுத்து ஒன்றாய் உட்கார்ந்து பாருங்கள்.

சர்வேசுரனுடைய ஆசீர்வாதம் உங்கள் யாவர்மேலும் இறங்கி என்றும் தங்குவதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு