விலகுதல் வேறு, கைவிடுதல் வேறு

ஆர்வத்தோடு தொழில் தொடங்கிய இளைஞர் ஒருவர், ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதை விட்டுவிட்டு மாதச் சம்பள வேலைக்குத் திரும்புகிறார். ஊர் என்ன சொல்கிறது? “நிலைத்து நிற்கும் திடம் இல்லை” என்கிறது. “அன்றே சொன்னோம், கேட்டானா?” என்கிறது. நாமும் பல வேளைகளில் ஊரோடு சேர்ந்து அவ்வாறே பேசியிருக்கிறோம். தொடங்கியதை இடையில் விடுவது இழுக்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் விலகும் ஒவ்வொருவரும் கோழைதானா? தீர்ப்பிடுமுன் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உலகறிந்த ஒரு நிகழ்வை எண்ணிப் பார்ப்போம். 1976 ஏப்ரல் முதல் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மூவர் கூட்டாண்மை ஒப்பந்தம் செய்து ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஸ்டீவ் ஜாப்சுக்கு அப்போது வயது 21. ஸ்டீவ் வோஸ்னியாக்குக்கு 25. மூன்றாமவரான ரொனால்ட் வெய்னுக்கு 41. ஒப்பந்தத்தை எழுதியவரும், நிறுவனத்தின் முதல் சின்னத்தை வரைந்தவரும் அவரே. பத்து விழுக்காட்டுப் பங்கு அவருக்கு உரியதாயிருந்தது. ஆயினும் 12 நாள்களுக்குள் அவர் விலகினார். தம் பங்குக்கு 800 டாலரும், பின்னர் எவ்வுரிமையும் கோராதிருக்க 1,500 டாலரும் பெற்றுக்கொண்டார். அந்நிறுவனமோ 2018-இல் ஓர் இலட்சம் கோடி டாலர் மதிப்பை எட்டியது. கைக்கு வந்த செல்வத்தை உதறியவர் என்று அவரைக் காட்டிச் சிரிப்போர் உண்டு.

ஆனால் விலகிய நாளில் அவர் கண்முன் இருந்தவை வேறு. 50 கணினிகள் வேண்டுமென ஒரு கடை கேட்டிருந்தது. அவற்றுக்கான உதிரிப் பாகங்களை 30 நாள் தவணையில் கடனாக வாங்க வேண்டியிருந்தது. கடை பணம் தராவிட்டால் என்ன ஆகும்? கூட்டாண்மையில் நிறுவனத்தின் கடன் ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தக் கடனுமாகும். இளைஞர் இருவரிடமும் கடன்காரர் எடுத்துச் செல்லத்தக்க சொத்து பெரிதாக இல்லை; வெய்னிடம் இருந்தது. முன்பு தாம் நடத்திய தொழிலொன்று நொடித்துப்போன அனுபவமும் அவருக்கு இருந்தது. அடைக்க முடியாத கடனுக்கு அவர் அஞ்சினார்.

இளைஞர் இருவரின் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் இழக்க ஏதுமில்லாதவரின் துணிவையும், இழக்க இருப்பவரின் அச்சத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

நம் இல்லத்து இளைஞரை எண்ணுவோம். வயதில் அவர் ஜாப்ஸ். நிலையில் அவர் வெய்ன். அவர் போட்ட முதல், தாயின் அடகு நகையாக இருக்கலாம். தந்தையின் ஓய்வுக்காலப் பணமாக இருக்கலாம். வங்கியில் வைத்த வீட்டுப் பத்திரமாக இருக்கலாம். தங்கையின் திருமணம் அவருடைய கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு செலவு. தொழில் வீழ்ந்தால் அவர் தனியே வீழ்வதில்லை. அந்நிலையில் ஒருவர், “இதற்குமேல் இவர்களை இழுத்துச் செல்ல எனக்கு உரிமையில்லை” என்று நின்றுவிட்டால், அதையும் துணிவு என்றே நாம் மதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். சரக்கு விற்காததால் மட்டுமே புதுத்தொழில்கள் மூடப்படுவதில்லை. விற்ற சரக்குக்குப் பணம் வராததாலும் மூடப்படுகின்றன. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாள்களுக்குமேல் தாழ்த்தலாகாது என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தாழ்த்தினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும். ஆயினும், முறையிட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்றஞ்சி இளைஞர் வாய்மூடி இருக்கிறார். சனிக்கிழமை அவர் கூலி கொடுத்தாக வேண்டும். அவருக்கு வரவேண்டியதோ “அடுத்த வாரம் பார்க்கலாம்”. பெரிய நிறுவனங்கள் மட்டுமா இப்படிச் செய்கின்றன? வீட்டு விழாவுக்குப் பந்தலும் விருந்தும் பெற்றுக்கொண்டு, மீதிப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலையவிடுவோர் நம்மிடையே இல்லையா? அவருடைய விலகலில் நமக்கும் பங்குண்டு என்று நம் மனச்சான்று உறுத்தவில்லையா?

அப்படியானால் விலகுவோர் அனைவரும் குறையற்றவர்களா? அல்லர். ஆறு மாதத்தில் பெயரும் பணமும் வரவில்லை என்று சலித்து விலகுவோரும் உண்டு. கூலி பாக்கியைத் தீர்த்து, முன்பணம் தந்தவரை நேரில் கண்டு நிலைமையைச் சொல்லி விடைபெறுகிறவர் ஒருவர். கைப்பேசியை அணைத்துவிட்டு வெளியூர் போய்விடுகிறவர் இன்னொருவர். முன்னவர் விலகுகிறார், பின்னவர் கைவிடுகிறார். விலகும் கூட்டாளி தம் விலகலைப் பொது அறிவிப்பாக வெளியிடும்வரை வெளியாருக்குப் பொறுப்பாளியாகவே இருக்கிறார் என்கிறது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். சட்டத்தின் இந்த வரிக்குள் ஓர் அறமும் உறைகிறது: சொல்லாமல் போவது விலகல் ஆகாது. வெய்னும் தம் விலகலை அரசு அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டே சென்றார்.

எனவே, தொழிலை விட்டுத் திரும்பும் இளைஞரிடம் “ஏன் விட்டாய்?” என்று கேட்பதைச் சற்றே தள்ளிவைப்போம். “நீ யாருக்கேனும் தரவேண்டியது உண்டா? உனக்கு யாரேனும் தரவேண்டியது உண்டா?” என்று கேட்போம். முதல் கேள்வி அவருடைய நேர்மையைக் காக்கும். இரண்டாம் கேள்வி நம்முடைய நேர்மையைச் சோதிக்கும். அதற்கு விடையாக அவர் சொல்லும் பெயர்களில் நம் பெயரும் இருந்தால், இன்றே சென்று அந்தக் கணக்கைத் தீர்ப்போம். அவருடைய தொழில் இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க அது போதுமானதாக இருக்கலாம்.